கெரில்லாப் போரில் தலைக்கவசம்: சுமையா, காப்பா?

கெரில்லாப் போரில் ஈடுபடும் படைவீரன் தலைக்கவசம் அணிவதால் உண்மையிலேயே பயன் உண்டா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் படைத்துறை வல்லுநர்களே இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "ஏ.கே. 47 துப்பாக்கியின் தோட்டா எப்படியும் துளைத்துக்கொண்டு போய்விடும். பிறகு எதற்கு ஒன்றரை கிலோ பாரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?" என்பது ஒரு தரப்பு. "கை போனாலும் கால் போனாலும் மனிதன் பிழைத்துக்கொள்வான், தலை போனால் என்ன செய்வது?" என்பது மறு தரப்பு. பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டால் இரண்டாவது தரப்பின் பக்கம்தான் நிற்பார்கள். அதில் வியப்பில்லை.

இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வெவ்வேறு ஆபத்தைப் பற்றிப் பேசுகின்றன. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

தோட்டா வேறு, சில்லு வேறு

தலைக்கவசம் துப்பாக்கித் தோட்டாவைத் தடுப்பதற்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரெஞ்சு, பிரிட்டிஷ் வீரர்கள் துணித் தொப்பியோடுதான் போர்க்களம் சென்றார்கள். பதுங்கு குழிகளில் உடல் மறைந்திருக்க, தலை மட்டும் வெளியே தெரிந்தது. வானத்தில் வெடித்த பீரங்கிக் குண்டுகளின் இரும்புத் துண்டுகள் மழைபோல் அந்தத் தலைகளின்மீது விழுந்தன. அதைத் தடுக்கத்தான் 1915இல் பிரெஞ்சு நாட்டின் அட்ரியான் கவசமும், அதே ஆண்டில் ஜான் பிராடி வடிவமைத்த பிரிட்டிஷ் கவசமும் வந்தன. பிராடி கவசத்தைக் கவிழ்த்து வைத்த தட்டு என்றே சொல்லலாம். மேலிருந்து விழுவதைத் தடுக்க அந்த வடிவம் போதுமானதாக இருந்தது. நேராக வரும் தோட்டாவைத் தடுக்கும் என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை.

இன்றைய கவசத்தின் நிலையும் அடிப்படையில் இதுதான். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா ஏறத்தாழ 500 ஜூல் ஆற்றலோடு வருகிறது. ஏ.கே. 47இன் தோட்டாவோ குழாயை விட்டு வினாடிக்கு 700 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல், அதாவது நான்கு மடங்கு. 1965இல் ஸ்டெஃபனி குவொலெக் என்ற அமெரிக்க வேதியியலாளர் கண்டுபிடித்த கெவ்லார் இழைதான் பிற்காலக் கவசங்களின் உயிர்நாடி. 1983இல் கிரெனாடாத் தீவில் இறங்கிய அமெரிக்க வீரர்கள் கெவ்லார் கவசத்தோடு இறங்கினார்கள். அந்தக் கவசமும், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதற்கு மாற்றாக வந்த கவசமும், சில்லுகளையும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை.

ஏ.கே. தோட்டா கவசத்தில் பட்டும் உயிர் தப்பிய வீரர்கள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருக்கிறார்கள். சாய்வாக வந்து வழுக்கிச் சென்ற தோட்டாவாக இருக்கலாம், தூரத்திலிருந்து வேகம் குறைந்து வந்ததாகவும் இருக்கலாம். அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அதைக் கவசத்தின் தகுதியாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. பிந்திய கவசங்களில் பாலியெத்திலீன் இழைகளைக் கொண்டு செய்யப்பட்டவை சில வகைத் துப்பாக்கித் தோட்டாக்களையும் தடுக்கவல்லவை. ஆனால் அங்கேயும் ஒரு சங்கடம். தோட்டா உள்ளே வராவிட்டாலும் கவசத்தின் உட்புறம் புடைத்துக்கொண்டு வந்து மண்டையோட்டை அறையக்கூடும். தோட்டா நின்றுவிட்டது, அடி நிற்கவில்லை என்ற நிலை.

மோட்டார் சைக்கிள் கவசத்தோடு ஒப்பிட்டால் விஷயம் எளிதில் விளங்கும். மலேசியாவில் 1973 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். சாலையில் வரும் ஆபத்து ஒரே வகை: தலை எதன்மீதாவது மோதுகிறது. ஆகவே அங்கே 'அணியலாமா, வேண்டாமா' என்ற விவாதத்துக்கே இடமில்லை. கெரில்லாப் போரில் ஆபத்து பல வடிவங்களில் வருகிறது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகிறது.

மலாயாக் காட்டில் துணித் தொப்பி

1948 ஜூன் மாதம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஊரடங்கும், முள்வேலியும், உணவுக் கட்டுப்பாடும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவுகள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். காட்டுக்குள் நுழையும் பிரிட்டிஷ், கூர்க்கா வீரர்களின் தலையில் இரும்புக் கவசம் இல்லை. அகன்ற விளிம்புள்ள, தொளதொளத்த பச்சைத் துணித் தொப்பிதான் இருந்தது.

காரணம் சிக்கனம் அன்று. காட்டில் எதிரியைக் காண்பது அரிது. கண்டால் சில அடி தூரத்தில்தான். அந்தத் தூரத்தில் மெல்லிய இரும்பு எதைத் தடுக்கும்? கம்யூனிஸ்டு கெரில்லாக்களிடம் பீரங்கி இல்லை. விமானம் இல்லை. மேலிருந்து இரும்புச் சில்லு மழை பொழியும் வாய்ப்பு அங்கே மிகக் குறைவு. எந்த ஆபத்துக்காகக் கவசம் பிறந்ததோ அந்த ஆபத்தே அங்கு பெரிதாக இல்லை.

மாறாக, காதுதான் வீரனின் முதல் ஆயுதமாக இருந்தது. ஒரு சுள்ளி ஒடியும் ஓசை, ஒரு பறவை திடீரென்று பறக்கும் சத்தம், இவற்றைக் கொண்டே எதிரி எங்கே என்று அறிய வேண்டும். இரும்புக் கவசம் காதை மறைக்கிறது. கிளையில் உரசினால் ஓசை எழுப்புகிறது. அதன் உருண்டை வடிவம் இலைகளுக்கிடையே மனிதத் தலையைக் காட்டிக்கொடுக்கிறது. மலேசிய வெயிலில் வெறுந்தலையோடு நடப்பதே எவ்வளவு கடினம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். புழுக்கமான காட்டில் நாள்கணக்கில் மூட்டை சுமந்து நடப்பவனின் தலையில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்தால் அவன் மாலைக்குள் சோர்ந்துவிடுவான். சோர்ந்தவன் கவனம் இழப்பான். கவனம் இழந்தவனைக் கவசம் காப்பாற்றாது. துணித் தொப்பியில் இன்னொரு வசதியும் இருந்தது. அதில் வண்ணப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தன் ஆளா எதிரியா என்று அடையாளம் கண்டார்கள். சில அடி தூரச் சண்டையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் இந்த மலாயா அனுபவத்தை எல்லாக் கெரில்லாப் போர்களுக்கும் பொருத்திவிட முடியாது. வியட்நாமிலும் காடுதான், கெரில்லாக்கள்தான். ஆயினும் அங்கே எதிரியிடம் மோர்ட்டார் இருந்தது, ராக்கெட் இருந்தது, காலடியில் வெடிக்கும் பொறிகள் இருந்தன. அமெரிக்க வீரர்களின் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சில்லுகளால் ஏற்பட்டவை. ஆகவே சாதாரணக் காலாட்படை இரும்புக் கவசத்தைத் தலையிலிருந்து இறக்கவில்லை. அதே காட்டில், ஓசையின்றி ஊடுருவி வேவு பார்க்கும் சிறு குழுக்கள் மட்டும் துணித் தொப்பி அணிந்தன. ஒரே போர், ஒரே காடு, வேலைக்கு ஏற்ப வெவ்வேறு தொப்பி!

மொகாடிஷுவில் கிடைத்த பாடம்

சோமாலியத் தலைநகர் மொகாடிஷுவில் 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் நடந்த சண்டை மலேசியர்களுக்கு அந்நியமானதன்று. நகருக்குள் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்ற அணியில் மலேசியாவின் கொண்டோர் கவச வாகனங்கள் இருந்தன. அந்த மீட்பில் மலேசிய வீரர் மாட் அஸ்னான் அவாங் உயிர் துறந்தார். அவர் ஓட்டிச் சென்ற வாகனத்தை ராக்கெட் குண்டு தாக்கியது. தலைக்கவசம் எதுவும் அதைத் தடுத்திருக்காது.

அந்தச் சண்டையில் கவசத்தைப் பற்றிய வேறொரு பாடமும் இருக்கிறது. அமெரிக்க ரேஞ்சர் படையினர் கனமான கெவ்லார் கவசம் அணிந்திருந்தனர். டெல்டா சிறப்புப் படையினரோ பனி ஹாக்கி விளையாட்டு வீரர்கள் அணிவது போன்ற இலேசான பிளாஸ்டிக் கவசத்தை அணிந்திருந்தார்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது தலை இடிபடாமல் இருந்தால் போதும், மற்றபடி விரைவும் பார்வையும் செவியும்தான் முக்கியம் என்பது அவர்களது கணக்கு. ஒரு மணி நேர வேலைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் விடிய விடிய நீண்டுவிட்டது. அவர்களில் ஒருவர் பிளாஸ்டிக் கவசத்தோடு தலையில் சுடப்பட்டு இறந்தார்.

அதற்குப் பிறகு சிறப்புப் படைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடின. கெவ்லாரின் காப்பும் வேண்டும், காதை மறைக்கவும் கூடாது, தொலைத்தொடர்புக் கருவி பொருந்தவும் வேண்டும். அப்படிப் பிறந்த கவசம்தான் சில ஆண்டுகளில் அமெரிக்கத் தரைப்படை முழுமைக்கும் பரவியது. ஓரங்கள் வெட்டப்பட்டு, உள்ளே மெத்தைகள் வைக்கப்பட்டு, தலையில் ஆடாமல் உட்காரும்படி அது அமைந்தது. சுமை என்று கவசத்தைக் குறை சொன்ன சிறப்புப் படையினரே கடைசியில் நல்ல கவசத்துக்கு வழிகாட்டினார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

சாலையோர வெடியும் மூளையும்

2003இல் தொடங்கிய ஈராக் போர் இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. கெரில்லாக்களின் முதன்மை ஆயுதம் துப்பாக்கி என்ற நிலை மாறி, சாலையோரத்தில் புதைத்துவைத்த கைவினை வெடிகுண்டு அந்த இடத்தைப் பிடித்தது. 2001 முதல் 2005 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமுற்ற அமெரிக்க வீரர்களைப் பற்றிய மருத்துவ ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்கு 78 காயங்கள் வெடிப்பால் ஏற்பட்டவை என்றது. துப்பாக்கிச் சூட்டால் வந்தவை நூற்றுக்கு 18 மட்டுமே. 'தோட்டாவைத் தடுக்காத கவசம் எதற்கு?' என்ற கேள்வியின் வலு இங்கேயே பாதி குறைந்துவிடுகிறது. வெடிப்பு என்றால் சில்லு. சில்லு என்றால் கவசத்துக்கு வேலை உண்டு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. தலையிலும் கழுத்திலும் ஏற்பட்ட காயங்கள் மொத்தத்தில் நூற்றுக்கு 30. இரண்டாம் உலகப் போரில் இது 21ஆகவும், வியட்நாமில் 16ஆகவும் இருந்தது. 'கவசம் நவீனமாகியும் தலைக்காயம் கூடிவிட்டதே, அப்படியானால் கவசம் தோல்விதானே?' என்று சிலர் அவசரப்பட்டுக் கேட்பதுண்டு. அவசரம் கூடாது. மார்புக் கவசம் சிறந்ததாகிவிட்டதால் நெஞ்சில் ஏற்படும் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரு பங்கு குறைந்தால் மற்ற பங்குகள் கூடத்தானே செய்யும்? அதோடு, முன்பு களத்திலேயே இறந்துபோயிருக்கக் கூடியவர்கள் இப்போது காயத்தோடு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். பிணவறைக் கணக்கில் போக வேண்டியவர் மருத்துவமனைக் கணக்கில் வருகிறார். முகமும் கழுத்தும் கவசத்துக்கு வெளியேதான் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கவசத்தால் ஆகாத ஒன்றும் உண்டு. வெடிப்பின்போது சில்லுக்கு முன்னால் ஓர் அழுத்த அலை வருகிறது. அது கவசத்தைச் சுற்றிக்கொண்டு மூளையைக் குலுக்கிவிடுகிறது. வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் வீரன் பெயர்களை மறக்கிறான், தூக்கம் வராமல் தவிக்கிறான், வீட்டில் காரணமின்றிச் சினம் கொள்கிறான். 2000 முதல் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினருக்கு மூளைக்காயம் கண்டறியப்பட்டுள்ளது. இவற்றில் பெரும்பாலானவை இலேசானவை. பயிற்சி, சாலை விபத்து போன்றவற்றால் வந்தவையும் இதில் அடங்கும். எனினும் போர்க்கள வெடிப்பின் பங்கை ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலைக்கு மேல் நிகழும் வெடிப்பின் அழுத்த அலையை வைத்துப் பழைய கவசங்களையும் புதிய கவசத்தையும் சோதித்தார்கள். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரெஞ்சு அட்ரியான் கவசம் இன்றைய கவசத்தைவிடச் சற்றுச் சிறப்பாகவே காத்தது! அதன் உச்சியில் இருந்த முகடு அலையைத் திசை திருப்பியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. சில்லைத் தடுப்பதில் பழையது புதியதற்கு அருகில் வரமுடியாது என்பது வேறு கதை.

வெடிப்பில் வாகனம் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவனின் தலை இரும்புக் கூரையில் மோதும். அப்போது போர்க்கவசம் மோட்டார் சைக்கிள் கவசத்தின் வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளே மெத்தையா, வெறும் வாரா என்பது அங்கேதான் முக்கியமாகிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் கவசத்தில் வார் மட்டுமே இருந்தது. வீரர்களின் குடும்பங்களுக்காக ஒரு மருத்துவர் தொடங்கிய தொண்டு அமைப்பு நன்கொடை திரட்டி மெத்தைகளை வாங்கி அனுப்பியது. 2006இல் விவகாரம் நாடாளுமன்றக் குழுவரை சென்றது. பிறகு மெத்தை வந்தது. போருக்கு மகனை அனுப்பியதும் அல்லாமல் அவன் தலைக்கு மெத்தையும் வாங்கி அனுப்பும் நிலை பெற்றோருக்கு வந்திருக்கக் கூடாது.

பெரே தொப்பியின் மொழி

உயிர் காக்கும் கணக்கு இது. ஆனால் கெரில்லாப் போரில் இன்னொரு கணக்கும் உண்டு. கெரில்லா மக்களிடையே மறைந்திருக்கிறான். மக்கள் வாய் திறந்தால்தான் அவன் இருக்கும் இடம் தெரியும். இரும்புச் சட்டியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து நிற்பவனிடம் எந்தக் கடைக்காரர் மனம் திறந்து பேசுவார்?

வட அயர்லாந்தில் 1969 முதல் 2007 வரை பணியாற்றிய பிரிட்டிஷ் இராணுவம் இதை நன்கு அறிந்திருந்தது. 1994 ஆகஸ்டு 31ஆம் தேதி ஐரிஷ் குடியரசுப் படை போர்நிறுத்தம் அறிவித்ததும், ரோந்து செல்லும் வீரர்கள் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரே தொப்பி அணியத் தொடங்கினர். ஓர் அறிக்கைகூட வெளியிடாமல், நிலைமை மாறிவிட்டது என்று தெருவில் இருந்தவர்களுக்குச் சொல்லும் வழி அது. அதே பழக்கத்தை அவர்கள் 2003 ஏப்ரலில் ஈராக்கின் பாஸ்ரா நகருக்கும் கொண்டுசென்றார்கள். பாக்தாத்தில் அமெரிக்கர்கள் கவசத்தோடு நிற்க, பாஸ்ராவில் பிரிட்டிஷார் பெரே தொப்பியோடு சிறுவர்களிடம் பேசிக்கொண்டிருந்த காட்சியைப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அந்தப் புகழ்ச்சி நீடிக்கவில்லை. 2004இல் மஹ்தி படையின் கிளர்ச்சி மூண்டபோது கவசங்கள் திரும்பவும் தலை ஏறின. ஆப்கானிஸ்தானில் 2009இல் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், தம் படைகள் தற்காப்பிலேயே மூழ்கி மக்களிடமிருந்து விலகிவிட்டன என்று குறை கூறியவர். அவரே கவசமின்றிக் கடைத்தெருக்களில் நடந்து காட்டினார்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரே தொப்பி அமைதியைக் கொண்டுவராது. அமைதி ஓரளவு வந்த இடத்தில் அதை மக்களுக்குக் காட்டும், அவ்வளவுதான். வட அயர்லாந்தில் முதலில் போர்நிறுத்தம், பிறகு தொப்பி. பாஸ்ராவில் அந்த வரிசை தலைகீழானது. தளபதி ஒருவர் தம் தலையைப் பணயம் வைப்பது வீரம். பத்தொன்பது வயது வீரனின் தலையைப் படம் பிடிப்பதற்காகப் பணயம் வைப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

காஷ்மீரின் பட்கா

காஷ்மீரில் இந்திய இராணுவம் எடுத்த வழி முற்றிலும் வேறு. அங்கே நெருக்கத்தில் வரும் ஏ.கே. தோட்டாதான் பெரிய ஆபத்து. சாதாரணக் கவசம் அதைத் தடுக்காது என்றால், தடுக்கக்கூடிய ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அதுதான் பட்கா. நெற்றியையும் தலையின் பின்புறத்தையும் தடித்த உருக்குத் தகடுகள் மறைக்கும். உச்சந்தலை திறந்திருக்கும். சீக்கிய வீரர்கள் கட்டும் சிறு தலைத்துணியின் பெயரே இதற்கும் வாய்த்தது. எடை ஏறத்தாழ இரண்டரை கிலோ! ஏ.கே. தோட்டாவைத் தடுத்துப் பல உயிர்களைக் காத்திருக்கிறது என்றாலும், அதைக் கட்டிக்கொண்டு மலையேறுபவனின் கழுத்து என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய இராணுவம் ஏறத்தாழ 1,58,000 புதிய முழுக்கவசங்களுக்கு ஆணை கொடுத்தது. ஆனால் அவை தடுப்பது 9 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான்.

பட்காவின் திறந்த உச்சி இப்போது மற்றொரு கேள்வியைக் கிளப்புகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஈராக்கின் மோசூல் நகரில் ஐ.எஸ். இயக்கத்தினர் கடைகளில் கிடைக்கும் சிறு டிரோன்களைக் கொண்டு வானிலிருந்து கையெறி குண்டுகளைப் போட்டார்கள். பீரங்கியே இல்லாத கெரில்லாவுக்கு மேலிருந்து சில்லு பொழியும் ஆற்றல் கிடைத்துவிட்டது. 1915இல் பிராடியின் தட்டு எந்த ஆபத்துக்குப் பதிலாக வந்ததோ, அதே ஆபத்து நூறு ஆண்டுகள் கழித்துக் கெரில்லாவின் கைக்கே வந்திருக்கிறது. அன்று மலாயாக் காட்டில் துணித் தொப்பியை நியாயப்படுத்திய காரணங்களில் முதன்மையானது இனி எந்தக் காட்டிலும் அப்படியே செல்லுபடியாகும் என்று சொல்வதற்கில்லை.

ஐ.நா. அமைதிப் படையினர் இவ்விரண்டையும் உடன் வைத்திருக்கிறார்கள். 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது முதல் அமைதிப் படை புறப்பட்டபோது நீல நிறப் பெரே தொப்பி தைத்து முடிக்க நாளாகும் என்பதால், அமெரிக்கக் கவசங்களின் உள்கூடுகளுக்கு அவசர அவசரமாக நீலச் சாயம் பூசி அனுப்பினார்கள். 2007 முதல் லெபனானில் அமைதிப் பணியாற்றியுள்ள மலேசிய வீரர்களும் அணிவது அந்த நீலத்தைத்தான். ஊர் அமைதியாக இருக்கையில் நீலப் பெரே, குண்டுச் சத்தம் நெருங்கினால் நீலக் கவசம். எப்போது மாற்றுவது என்பதைத் தலைநகரில் இருப்பவர்களைவிடத் தெருவில் நிற்கும் அணித்தலைவரே நன்கு அறிவார்.